பாடப்படாத சுருள்

வங்கத்துச் சுருளோவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். சங்குப்பூவிலிருந்து நீலம், அவரை இலையிலிருந்து பச்சை, பசலைப் பழத்திலிருந்து ஊதா, மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், விளக்குக் கரியிலிருந்து கறுப்பு. எல்லாவற்றையும் தாளில் பிடித்துவைக்க வில்வப் பழத்துப் பிசின். கொட்டாங்கச்சிகளில் குழைத்து வரிசையாக வைத்திருக்கும் இந்த வண்ணங்களைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். ஆனால் இயற்கை வண்ணம் என்பது விலைச்சீட்டில் எழுத வசதியான தகுதி. கலையை நிறுத்துப் பார்க்க அது உதவாது. சென்ற நூற்றாண்டில் இதே ஓவியர்களில் பலர் கடையில் வாங்கிய போஸ்டர் கலரில் வரைந்தார்கள். அவற்றில் நல்ல சுருள்கள் உண்டு. இன்று பூச்சாற்றில் வரைந்து விற்கப்படுகிறவற்றில் உயிரில்லாத சுருள்களும் உண்டு.

மேற்கு வங்கத்தில், பச்சிம மேதினிபூர் மாவட்டத்துப் பிங்லா வட்டாரத்தில் நயா என்று ஒரு கிராமம். இந்தக் கலை என்றாலே இன்று அந்த ஊர்ப் பெயர்தான் வருகிறது. பட்டுவாக்கள் என்று அழைக்கப்படும் சுருளோவியர்கள் அங்கே கூட்டமாக வாழ்கிறார்கள். எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் ‘சித்ரகர்’ என்பது ஒட்டியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் பலர் கைவிட்டுக்கொண்டிருந்த தொழில், 2010 முதல் நவம்பரில் நடக்கும் ‘பட் மாயா’ திருவிழா, 2018இல் கிடைத்த புவிசார் குறியீடு, வெளிநாட்டுக் கண்காட்சிகள் என்று இன்று தலைநிமிர்ந்து நிற்கிறது. இதை மறுமலர்ச்சி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். மீண்டது எது என்று கேட்டவர்கள் குறைவு. ஓவியரின் பிழைப்பு மீண்டதா, ஓவியம் மீண்டதா, இந்தக் கலை மீண்டதா? மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் எதையும் சரியாக மதிப்பிட முடியாது.

இந்தக் கலை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாள்களை ஒன்றின்கீழ் ஒன்றாக ஊசி நூலால் தைத்து நீளமாக்குகிறார்கள். பத்து, பதினைந்து கட்டங்களாகக் கதை மேலிருந்து கீழே இறங்கும். இரு ஓரத்திலும் பூங்கொடிக் கரை. வரைந்து முடித்த பின் முதுகில் பழைய சேலைத்துணியை ஒட்டுகிறார்கள். சுருட்டிச் சுருட்டி விரித்தாலும் தாள் கிழியாமல் அதுதான் காப்பாற்றுகிறது. பட்டுவா கேட்பவர்களின் முன்னால் சுருளை எடுத்து மேல் கட்டத்தை மட்டும் காட்டிப் பாடத் தொடங்குவார். அந்தக் கட்டத்துக்கான வரிகள் முடிந்ததும் அது மேலே சுருண்டுபோகும், கீழிருந்து அடுத்தது வரும். பாடும்போதே அவருடைய விரல் படத்தின்மேல் நகர்ந்துகொண்டிருக்கும். கடைசியில் தன் பெயரையும் ஊரையும் பாட்டிலேயே சொல்லி முடிப்பார்.

அந்த விரலைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையைச் சுட்டுவதைப்போல அது ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவதில்லை. பாட்டு நாயகியைப் பற்றிச் சொல்லும்போது விரல் நாயகியிடம் இருக்கும். அவள் அழுகிறாள் என்று வரும்போது அங்கிருந்து நதிக்குப் போகும், நதியிலிருந்து பிணத்துக்குப் போகும், திரும்பவும் முகத்துக்கு வரும். ஒரே கட்டத்தில் அசையாமல் நிற்கும் நான்கைந்து உருவங்களுக்கு இடையில் ஒரு கால ஓட்டத்தை அது உண்டாக்குகிறது. படம், பாட்டு, விரல் மூன்றும் சேர்ந்த இந்தச் செயல்தான் கலை. சுருள் அதன் ஒரு பங்கு மட்டுமே. என் அளவுகோல் இதுதான். இதை வைத்தே மேலே பேசுகிறேன்.

இது நானாகக் கற்பித்த அளவுகோல் இல்லை. கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளே இப்படித்தான் பேசுகின்றன. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில், தந்தையின் நோய் கேட்டுத் தலைநகருக்குத் திரும்பும் ஹர்ஷன், கடைத்தெருவில் சிறுவர்கள் சூழ ஒருவன் எமபடத்தை விரித்து நாணற்குச்சியால் சுட்டி மறுவுலகை விளக்கிக்கொண்டிருப்பதைக் காண்கிறான். முத்திராராட்சச நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் எமபடக்காரன் வேடத்தில் பாடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். இரண்டு இடத்திலும் படம் தனியாகத் தொங்கவில்லை. ஒரு ஆளோடும் ஒரு குரலோடும்தான் வருகிறது. சந்தால் பழங்குடி மக்களிடையே வேலை செய்த ஜாதுபட்டுவாக்களின் வழக்கம் இன்னும் துலக்கமானது. வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் இறந்தவரின் உருவத்தைக் கண்மணி வைக்காமல் வரைந்து கொண்டுவருவார்கள். பார்வையில்லாமல் மறுவுலகில் அலைகிறார் என்று சொல்லி, குடும்பத்தார் காணிக்கை தந்த பிறகு கண்மணியை இட்டு முடிப்பார்கள். வீட்டாரின் முன்னால்தான் அந்தப் படம் முழுமை பெறுகிறது. இதைச் சுரண்டல் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் எதிரில் இல்லாமல் படம் முடிவதில்லை என்ற எண்ணம் அதில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது!

இனி ஒரு சுருளுக்குள் போகலாம். மனசா தேவியின் கதை மேதினிபூர்ப் பட்டுவாக்கள் காலங்காலமாகப் பாடிவருவது. பாம்புகளின் தேவி மனசாவை வணங்க மறுக்கிறான் சிவபக்தனான வணிகன் சாந்த் சதாகர். அவள் அவனுடைய கப்பல்களை மூழ்கடிக்கிறாள், ஆறு பிள்ளைகளைக் கொல்கிறாள். ஏழாவது மகன் லக்கிந்தருக்கு இரும்பு அறை கட்டிக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். சுவரில் விட்டுவைத்த ஒரு துளை வழியே நாகம் நுழைந்து முதலிரவிலேயே கடித்துவிடுகிறது. மணப்பெண் பெஹுலா வாழைத்தண்டுத் தெப்பத்தில் பிணத்தை ஏற்றிக்கொண்டு நதியில் இறங்குகிறாள். தேவர்களின் சபை வரை போய், அவர்கள் முன் ஆடிக் கணவனின் உயிரை மீட்டு வருகிறாள். இறுதியில் சாந்த் சதாகர் மனசாவுக்குப் பூப்போடச் சம்மதிக்கிறான், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையால்.

நயாவின் நல்ல சுருள்களில் முதல் கட்டத்தை மனசா முழுவதுமாக எடுத்துக்கொள்வாள். நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், இரண்டு பக்கமும் நாகங்கள் ஒத்த வளைவில் எழுந்து நிற்கும். அவளைத் தவிர அந்தக் கதையில் வேறு யாரும் அப்படி நேராகப் பார்ப்பதில்லை; மற்றவர்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவருக்கும் தேவிக்கும் உள்ள உறவு ஒன்று, பார்ப்பவருக்கும் மனிதர்களுக்கும் உள்ள உறவு வேறு என்பதை ஓவியர் இந்தத் திருப்பத்திலேயே நிறுவிவிடுகிறார். தெப்பக் கட்டத்தில் நதி ஒரு நீலப் பட்டை, தெப்பம் அதன்மேல் கிடைமட்டமாக ஒரு கோடு, அதன்மேல் படுத்திருக்கும் உடல் இன்னொரு கோடு, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெஹுலா மட்டும் செங்குத்து. அவ்வளவுதான் படம். படுத்துக்கிடக்கும் உலகத்தில் எழுந்திருப்பவள் அவள் ஒருத்தி. இதைவிடச் சிக்கனமாக அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இப்போது அவள் முகத்தைப் பாருங்கள். அதே முகம்தான் சீதைக்கு. அதே முகம்தான் ராதைக்கு. நீண்ட கண், கூர்மூக்கு, சிறிய வாய். தனி ஓவியமாக எடுத்துக்கொண்டு பார்ப்பவர் இதைக் குறை என்பார். முகபாவம் இல்லை, ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லை, வரைபவருக்குப் பயிற்சி போதவில்லை என்று சொல்வார். பாட்டோடு பார்க்கிறவருக்கு அந்தக் குறையே தெரியாது. இவள் யார், என்ன நினைக்கிறாள், எவ்வளவு நாளாக நதியில் போகிறாள் என்பதெல்லாம் பாட்டின் வேலை. யார் எங்கே நிற்கிறார், யாரை நோக்கிக் கை நீட்டுகிறார் என்பது படத்தின் வேலை. வேலையைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு கலைகள் இவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது அரைகுறையாகத் தெரிவதில் வியப்பில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய நயா ஓவியங்களில் நான் காணும் வெறுமைக்குக் காரணம் ஓவியரின் கை தளர்ந்துபோனது இல்லை. பாதி வேலை செய்யும்படி உருவான படத்திடம் முழு வேலையும் கேட்கிறோம்.

இந்த வாதத்துக்கு எதிராக ஒரு பெரிய சான்று இருக்கிறது. அதைத் தாண்டாமல் மேலே போக முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கிராமத்துப் பட்டுவாக்களில் ஒரு சாரார் கல்கத்தாவின் காளிகட்டத்தில், காளி கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். யாத்திரிகர்கள் வாங்கிப் போகும்படி ஒற்றைத் தாளில், ஆலைக் காகிதத்தில், நீர்வண்ணத்தில் வேகமாக வரையத் தொடங்கினார்கள். சுருள் போனது, பாட்டும் போனது. ஆனால் கிடைத்தது பெரியது. ஒரே வீச்சில் தோளிலிருந்து விரல் வரை இறங்கும் தூரிகைக் கோடு, அதன் ஓரத்தில் உருட்சி தரும் நிழல், பின்னணியே இல்லாத வெள்ளைத் தாள். பிற்காலத்தில் ஓவியர் ஜாமினி ராய் தேடிப்போனது இந்தக் கோட்டைத்தான். பாட்டு இல்லாமலேயே பட்டுவா ஓவியம் தலைசிறந்து நின்றிருக்கிறது என்றால் என் அளவுகோல் எங்கே நிற்கும்?

காளிகட்ட ஓவியங்கள் எதை வரைந்தன என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. தெய்வங்களை வரைந்தார்கள், அவற்றை வாங்கியவர்கள் அந்தத் தெய்வங்களைத் தரிசித்துவிட்டு வெளியே வந்த யாத்திரிகர்கள். 1873இல் தாரகேசுவரக் கோயிலின் தலைவரான மகந்தோடு தொடர்பு என்று ஏலோகேசியை அவள் கணவன் வெட்டிக் கொன்ற வழக்கை வரைந்தார்கள். அதை வாங்கிய நகரம் அந்த வழக்கை நீதிமன்றத்திலும் நாடகக் கொட்டகையிலும் தெருமுனையிலும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தது. பகட்டுத் தலையலங்காரமும் மடிப்பு வேட்டியுமாகத் திரியும் நகரத்துச் சொகுசுக்காரன் பாபுவை வரைந்தார்கள். அவனை எல்லோரும் தினம் பார்த்தார்கள். பட்டுவா பாடவில்லை, ஊர் பாடியது. படம் தன் பாதி வேலையைச் செய்தால் போதுமானதாக இருந்தது, மறுபாதி வாங்குபவரின் வாயிலேயே இருந்தது. அந்த நெருக்கம் இருக்கும்போது பாட்டை விட்டுவிடலாம். பிறகு மலிவான அச்சுப் படங்கள் வந்து அந்தச் சந்தையை எடுத்துக்கொண்டன, காளிகட்டம் முடிந்துபோனது. ஆகவே காளிகட்டம் என் அளவுகோலை உடைக்கவில்லை, திருத்துகிறது: சொல்லும் குரல் பட்டுவாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் எங்காவது இருந்தே ஆக வேண்டும்.

தில்லிக் கைவினைச் சந்தையில் நயா ஓவியம் தீட்டிய கெட்டிலை வாங்குகிறவருக்குப் பெஹுலா யார் என்று தெரியாது. குடையிலும் துப்பட்டாவிலும் டி-சட்டையிலும் வரும் அந்த நீண்ட கண் அவருக்கு நாட்டுப்புறம் என்ற ஒரு பொது அடையாளம், அவ்வளவே. காளிகட்ட ஓவியருக்கு ஈடாக நயா ஓவியர் இங்கே புதிதாக எதையாவது கண்டெடுத்திருக்கிறாரா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். அலுமினியக் கெட்டிலின் வளைந்த உடம்பில் மீன் வரிசையைச் சுற்றி ஓடவிடும்போது சில சமயம் நல்ல அலங்காரம் கிடைக்கிறது. மற்றபடி சுருளில் இருந்த உருவத்தைப் பெயர்த்து வேறு பொருளில் ஒட்டியதுதான் பெரும்பகுதி. அந்த மீன்கள்கூடப் பெரும்பாலும் சந்தால் மக்களுக்குப் பாடப்படும் மீன் கல்யாணச் சுருளிலிருந்து வந்தவை. பாட்டில் அது குளத்து மீன்களெல்லாம் கூடி நடத்தும் கல்யாணம். பெரிய போவால் மீன் கடைசியில் மற்ற மீன்களை விழுங்கிவிடும். நிலக்கிழாரையும் ஏழைகளையும் பற்றிய கதையாக அதைக் கேட்டவர்கள் உண்டு. கெட்டிலில் போவாலும் ஒரு அழகான மீன்தான்.

அடுத்து, விழிப்புணர்வுச் சுருள்கள். எய்ட்ஸ், போலியோ, குழந்தைத் திருமணம், மரம் நடுதல், பெண் கடத்தல் என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் கேட்டு வாங்கிய சுருள்கள் நிறைய. இவற்றுக்குப் பாட்டு உண்டு, விரல் உண்டு, வரிசையாகக் கட்டங்களும் உண்டு. என் அளவுகோல்படி இவை தேற வேண்டும். பெரும்பாலானவை தேறவில்லை. நீதி சொல்வதால் கெட்டுப்போயின என்று சொன்னால் அது மேலோட்டமான பதில். பழைய சுருள்களின் கடைசிக் கட்டங்களில் எமன் சபை வரும். பொய் சொன்னவனுக்கும் களவு செய்தவனுக்கும் என்ன நடக்கும் என்று காட்டும். அதைவிட நேரடியான நீதிபோதனை ஏது? ஆனால் எமன் சபையில் கண்ணுக்கு வேலை இருக்கிறது. கொதிக்கும் கொப்பரை, இழுத்துப்போகும் தூதர்கள், தலைகீழாகத் தொங்கும் பாவி. எய்ட்ஸ் சுருளின் முடிவில் ஒரு மருத்துவர் நிற்கிறார், மேசை இருக்கிறது, எதிரே இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்பது பாட்டில் மட்டும்தான் இருக்கிறது. படம் அரசுச் சுவரொட்டியாகி ஒதுங்கிவிடுகிறது. பாட்டும் படமும் ஒன்றையொன்று தேடாத இடத்தில் இரண்டும் இருந்து பயனில்லை.

ஆழிப்பேரலைச் சுருள் இதற்கு நேர் எதிர். 2004 டிசம்பர் 26 நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வேளாங்கண்ணிக்கும் என்ன செய்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேதினிபூரின் உள்நாட்டுக் கிராமத்தில் இருந்த பட்டுவாக்கள் அந்த அலையைப் பார்த்தவர்கள் அல்லர். செய்தியில் கேட்டும் பார்த்தும் பாட்டுக் கட்டினார்கள், வரைந்தார்கள். அந்தப் படங்களில் கடலுக்கு முகம் இருக்கிறது. அகலத் திறந்த கண்களோடு ஒரு பெரிய முகம் மேலே. அதன் கீழே நீரில் மனிதர்களும் மாடுகளும் வீடுகளும் தலைகுப்புறச் சுழல்கிறார்கள். இயற்கைச் சீற்றத்தை அரக்கியாக்கியது பழமைவாதம் என்று ஒருவர் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. மனசா கப்பல்களை மூழ்கடித்த கட்டத்தைத் தலைமுறைகளாக வரைந்துவந்த கை அது. விழுங்கப்படுவதை வரைய அந்தக் கைக்கு ஒரு மொழி ஏற்கெனவே இருந்தது. 2004இன் சாவுகளுக்கு அந்த மொழி பொருந்தியது. நம் கடற்கரையில் எடுத்த புகைப்படங்கள் பெரும்பாலும் அலை வடிந்த பிறகான காட்சிகள்: சேறு, உடைந்த கட்டுமரம், வரிசையாகக் கிடத்திய உடல்கள். அலைக்குள் இருந்த அந்தக் கணத்தை, எல்லா உயிரும் ஒரே நீரில் எடையிழந்து சுழன்ற கணத்தை, நயாவின் ஓவியர்கள்தான் வரைந்து காட்டினார்கள். பார்க்காதவர்கள் வரைந்தது பார்த்தவர்களுக்கு உண்மையாகப் படுவது எளிதில் நடக்கிற காரியமில்லை.

2020இல் சுவர்ணா சித்ரகர் பாடிய கொரோனாச் சுருளையும் இந்தப் பக்கத்தில்தான் வைப்பேன். கிருமியை அரக்க உருவமாக்கியதால் பாட்டுக்கு ஒரு எதிரி கிடைத்தான், விரலுக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தது. கைகழுவச் சொல்லும் அறிவுரை வரிகளில் அது தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரத் தாக்குதலைப் பாடும் சுருள்களுக்கு ஆய்வாளர்கள் அதிக இடம் கொடுத்திருக்கிறார்கள். உலகச் செய்தி ஒரு கிராமத்துப் பாடகர் வாயில் இராமாயணப் போராக மாறுவது ஆவணமாகச் சுவையானது. ஓவியமாக அவற்றில் என்னை நிறுத்திவைத்தது எதுவும் இல்லை.

இந்தக் கலைக்குச் சென்னையோடு உண்மையான ஒரு தொடர்பு உண்டு, புத்தகங்கள் வழியாக. சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் 2009இல் ஜாய்தேவ், மொய்னா சித்ரகர் தம்பதியின் சுனாமிச் சுருளைக் கையால் அச்சடித்து, மடிப்பு மடிப்பாக விரியும் புத்தகமாக வெளியிட்டது. 2010இல் மார்ட்டின் லூதர் கிங்கின் கதையை ஆர்தர் ஃபிளவர்ஸ் எழுத, மனு சித்ரகர் வரைந்தார். 2011இல் மொய்னா சித்ரகரின் படங்களோடு சம்ஹிதா ஆர்னி எழுதிய ‘சீதாஸ் ராமாயணா’ வந்தது. அச்சுப் புத்தகத்தில் பாட்டு ஏது, விரல் ஏது என்று இவற்றைத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் புத்தகம் சுருளின் விரிதலைக் காப்பாற்றுகிறது. வாசகர் தம் கையால் விரிக்க வேண்டியிருக்கிறது. அலையின் முகத்திலிருந்து கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பாட்டு மொழிபெயர்ப்பாகக் கூடவே வருகிறது. இசை இல்லை என்ற இழப்பு பெரியதுதான், ஆனால் கட்டமைப்பு குலையவில்லை. இரண்டாவதில் ஃபிளவர்ஸின் எழுத்தே வாய்மொழிக் கதைசொல்லியின் குரலில் நடக்கிறது. ஆப்பிரிக்கக் கதைப்பாடகர் மரபைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டவர் அவர். பட்டுவாவின் படத்துக்குப் பக்கத்தில் வேறொரு கண்டத்துப் பாடகர் வந்து நின்றதைப் போல இருக்கிறது. படங்கள் சில இடங்களில் செய்திப் புகைப்படத்தின் பிடியில் சிக்குகின்றன, ஆனாலும் புத்தகத்தில் ஒரு குரல் இருக்கிறது.

மூன்றாவதுதான் சிக்கலானது, அதனாலேயே முக்கியமானது. காட்டுக்குத் துரத்தப்பட்ட சீதை காட்டிடம் தன் கதையைச் சொல்கிறாள். வங்கத்தில் கவி சந்திராவதி முதல் பெண்கள் பாடிவந்த, இராமனின் வெற்றியைவிடச் சீதையின் துயரத்தையே கேட்கிற இராமாயண மரபு அந்தப் புத்தகத்தின் பின்னால் நிற்கிறது. போரில் விதவையான இலங்கைப் பெண்களுக்காகவும் சீதை கலங்குகிறாள். சொல்பவர் யார் என்பதை அந்தப் புத்தகம் மிகச் சரியாகத் தீர்மானித்திருக்கிறது. வடிவத்தில்தான் எனக்குக் குறை. மொய்னாவின் உருவங்கள் சித்திரக்கதைப் பக்கங்களின் சதுரங்களுக்குள் அடுக்கப்படுகின்றன, பேச்சுக் குமிழிகள் வருகின்றன. மேலிருந்து கீழே இறங்கும் நீரோட்டம் துண்டாகி, இடமிருந்து வலமாகத் தாவும் வாசிப்பாகிறது. அடுத்தடுத்த சதுரங்களில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும்போது, சுருளில் குறையாகத் தெரியாத ஒருமுகத்தன்மை இங்கே தெரியத்தான் செய்கிறது. இருந்தும் அந்தப் புத்தகம் நிற்கிறது. சீதையின் குரல் பாட்டின் இடத்தில் உட்கார்ந்துகொண்டதால் நிற்கிறது. சுவரில் மாட்டிய தனிப்படத்துக்கும் இந்தப் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

என் மதிப்பீட்டை இரக்கமற்றது என்று சொல்லக்கூடிய ஒரு மறுப்பு இருக்கிறது, அது வலுவானது. பாட்டோடு சுருள் காட்டிய காலத்தில் பட்டுவா வீடுவீடாகப் போய்ப் பாடி, அரிசியும் சில்லறையும் வாங்கிப் பிழைத்தார். இந்துக் கடவுள்களைப் பாடும் முஸ்லிம்கள் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். இரண்டு பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். சினிமாவும் வானொலியும் வந்த பின் கேட்க ஆளில்லாமல் கூலி வேலைக்கும் வேறு தொழிலுக்கும் போனார்கள். 2000களின் நடுவில் பாங்ளாநாடக் டாட் காம் போன்ற அமைப்புகள் வந்து சந்தையைக் காட்டிய பிறகுதான் நயாவில் வீடுகளின் நிலை மாறியது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். டி-சட்டை வரையாதே என்று அவர்களிடம் சொல்ல எந்தத் திறனாய்வாளருக்கும் உரிமை இல்லை. நானும் சொல்லவில்லை. இந்த மீட்பின் மிகப் பெரிய பயனும் கலைக்குள்ளேயே விளைந்திருக்கிறது: துக்குஷ்யாம் சித்ரகர் போன்ற மூத்தவர்கள் பெண்களுக்கு வரையவும் பாடவும் கற்றுக்கொடுத்தார்கள், இன்று நயாவின் முதல் வரிசையில் பெண்கள் இருக்கிறார்கள். சுவர்ணாவும் மொய்னாவும் இல்லாமல் மேலே நான் புகழ்ந்த பாதிப் படைப்புகள் இல்லை. சீதையின் கதை புத்தகமாகி உலகம் சுற்றியதற்கும் இதுவே அடிப்படை.

ஆனால் ஓவியருக்கு விற்கும் உரிமை உண்டு என்பதால் விற்கப்படுவது எல்லாம் சமமாகிவிடாது. நயாவின் இன்றைய உற்பத்தியை மூன்று தட்டில் பிரித்துத்தான் நான் மதிப்பிடுவேன். பாட்டோடு பிறந்த புதிய சுருள்கள், ஆழிப்பேரலையையும் கொரோனாவையும் போன்றவை, எந்த அருங்காட்சியகத்துப் பழஞ்சுருளுக்கும் இளைத்தவை அல்ல. நம் காலத்து இந்திய ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாட்டுப்புறம் என்ற தனி அறையில் ஒதுக்காமல் இவற்றைப் பேச வேண்டும். பாட்டில்லாமல் விற்கும் ஒற்றைப் படங்களை ஓவியமாகவே எடுத்துக்கொண்டு காளிகட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலானவை தோற்கின்றன. குடையும் கெட்டிலும் நேர்மையான பிழைப்பு, அவற்றை இந்தச் சுருளோவியத்துக்கு வழங்கும் பட்டச்சித்திரம் என்ற பெயரில் சேர்த்தெண்ணிக் கலை செழித்துவிட்டது என்று கணக்குக் காட்டுவதை மட்டும் ஒப்ப முடியாது. மீண்டது பிழைப்பு, ஓவியம் ஓரளவு மீண்டது, கலை சில கைகளிலும் சில தொண்டைகளிலும் மட்டும் மீண்டிருக்கிறது.

பாட்டில்லாமல் படம் முழுமையாகாது என்பதைக் குருசதய் தத் முன்னமே உணர்ந்திருந்தார். மாவட்ட அதிகாரியாக வங்கம் முழுக்கச் சுற்றிச் சுருள்களைச் சேர்த்தவர், படங்களோடு நிற்காமல் பாட்டுகளையும் எழுதிவாங்கினார். அவர் தொகுத்த பட்டுவா பாடல்களைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 1939இல் நூலாக வெளியிட்டது. புவிசார் குறியீடு இன்று படத்தின் பெயரைக் காக்கிறது. பாட்டுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. சந்தையில் விலை கட்டங்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் பார்த்துப் பேசப்படுகிறது. பாடிக் காட்டினால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. வரைபவருக்கு ஒரு நாள் மிச்சமானால் அதில் இன்னும் இரண்டு படம் வரையலாம், புதுப் பாட்டுக் கட்ட அந்த நாளைச் செலவிட்டால் வருமானம் குறையும். நயாவில் வரையத் தெரிந்த இளையவர்களில் பலருக்குப் பாடத் தெரியாமல் போனதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. கண்காட்சி நடத்துகிறவர்களும் சுருளை வாங்கும் அருங்காட்சியகங்களும் பாட்டுக்குத் தனி விலை வைத்துக் கொடுக்கலாம், பாடியவரின் குரலைப் பதிவுசெய்து சுருளோடு சேர்த்து வைக்கலாம். ஓவியரிடம் போகும் அடுத்த வேலைப்பட்டியலில் பத்துக் கெட்டிலுக்குப் பதில் ஒரு புதுப் பாட்டை எழுதி அனுப்புவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.